எண்ணெய்க் கணக்கு உதைக்கிறதா? கிலோவும் லிட்டரும் மாறிப்போன இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

எண்ணெயில் ஒரு கிலோவும் ஒரு லிட்டரும் ஒன்றல்ல என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் கல்யாணச் சாமான் பட்டியலிலும் செக்குக் கடையிலும் ஊறுகாய் ஜாடியிலும் கணக்கு உதைத்துக்கொண்டேதான் இருக்கிறது. பெருக்கத் தெரியாமல் வரும் கோளாறு இதில் கொஞ்சம்தான். கையில் இருக்கிற எண் தராசிலிருந்து வந்ததா, அளவைக் குவளையிலிருந்து வந்ததா என்று கேட்காமலே பெருக்க ஆரம்பிப்பதால் வருவதுதான் பெரும்பாலும். அதனால் இங்கே வாய்ப்பாட்டை முன்னால் வைக்காமல், உங்களுக்கு எங்கே உதைக்கிறது என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு சின்னப் பட்டியல் மட்டும் தேவை. நம் ஊர் வெப்பநிலையில், அதாவது 30 டிகிரி செல்சியஸ் வாக்கில், ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

கடலெண்ணெய் – 910 கிராம்
நல்லெண்ணெய் – 913 கிராம்
தேங்காய் எண்ணெய் – 915 கிராம்
சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் – 912 கிராம்
சோயா – 913 கிராம்
பாமாயில் – 905 கிராம்
கடுகெண்ணெய் – 906 கிராம்
விளக்கெண்ணெய் – 955 கிராம்

ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கிராம் முன்பின் இருக்கும். வித்தின் ரகம், விளைந்த இடம், சுத்திகரித்ததா ஆட்டியதா என்பதையெல்லாம் பொறுத்தது அது. விளக்கெண்ணெயைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மற்ற எல்லாமே 905க்கும் 915க்கும் நடுவில்தான் நிற்கின்றன. ஆகவே வீட்டுக் கணக்குக்கு 0.91 என்ற ஒரே எண் போதும். கம்பெனிக்காரர்களும் ஒரு லிட்டர் பாக்கெட்டில் பெரும்பாலும் 910 கிராம் என்றுதான் அச்சிடுகிறார்கள்.

"15 கிலோ எழுதிக் கொடுத்தோம், டின்னும் வந்தது. ஆனால் பந்திக்குப் போதவில்லை"

விசேஷ வீடுகளில் அடிக்கடி நடக்கிற குழப்பம் இது. சமையல் மாஸ்டர் பட்டியலில் "கடலெண்ணெய் 15 கிலோ" என்று எழுதுகிறார். மளிகைக் கடையில் "ஒரு டின்" என்று படித்துக்கொள்கிறார்கள். சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. பார்வைக்கு இரண்டும் அதே சதுரத் தகர டின்தான்.

15 லிட்டர் டின்னுக்குள் இருப்பது 15 × 0.91, அதாவது 13.65 கிலோ. 15 கிலோ டின்னுக்குள் இருப்பது 15 ÷ 0.91, அதாவது ஏறத்தாழ 16.48 லிட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். வடைக்கும் அப்பளத்துக்கும் தனி வாணலி வைக்கிற இடத்தில் அந்த ஒன்றரை லிட்டர் கடைசிப் பந்தியில்தான் தெரியும்.

பார்க்க வேண்டியது டின்னின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நிகர அளவு. அதில் 13.65 என்ற எண் எங்காவது தெரிந்தால் அது லிட்டர் டின். அச்சு தேய்ந்திருந்தால் டின்னை அப்படியே தராசில் ஏற்றுங்கள். வெறும் டின்னின் எடை ஒரு கிலோ அளவுக்கு வரும். மொத்தம் 16 கிலோவை ஒட்டி வந்தால் கிலோ டின்; 15ஐ எட்டாமல் நின்றால் லிட்டர் டின்.

பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: "ஒரு டின்" என்று எழுதாதீர்கள். "15 கிலோ டின்" என்றோ "15 லிட்டர் டின்" என்றோ எழுதினால் கடைக்காரரும் தப்பிப்பார், நீங்களும் தப்பிப்பீர்கள்.

"பெருக்குவதா வகுப்பதா என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது"

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். அப்படியானால் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோவை எட்டாது. இதை மட்டும் நினைவில் வைத்தால் விடை சரியான பக்கம் விழுந்ததா என்று உடனே தெரிந்துவிடும்: ஒரே எண்ணெயைச் சொல்லும்போது லிட்டர் எண் பெரிதாக இருக்கும், கிலோ எண் சிறிதாக இருக்கும். 5 லிட்டரைக் கிலோவாக்கி 5.49 வந்தால் வகுக்கக்கூடாத இடத்தில் வகுத்திருக்கிறீர்கள்.

மனக்கணக்கில் செய்ய: லிட்டரிலிருந்து கிலோவுக்கு 9 சதவீதம் கழியுங்கள். கிலோவிலிருந்து லிட்டருக்கு 10 சதவீதம் கூட்டுங்கள். "அங்கே ஒன்பது கழித்தேன், இங்கே ஏன் பத்து?" என்று கேட்பவர்கள் உண்டு. 0.91ஆல் வகுத்தால் 1.0989 வருகிறது, அதாவது 9.9 சதவீதம். இரண்டு பக்கமும் 9 என்றே வைத்துக்கொண்டால் கால் கிலோவில் ஒன்றும் தெரியாது. 15 கிலோ டின்னில் 130 மில்லி காணாமல் போகும்.

"ஒரு லிட்டர் பாக்கெட்டைத் தராசில் வைத்தேன், 1000 வரவில்லை"

வராது, வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குத் தருகிற பாமாயில் பாக்கெட்டும் லிட்டர் கணக்குதான். அதுவும் தராசில் 900 சொச்சம்தான் காட்டும். எண்ணெயின் எடையோடு உறையின் எடையும் சேரும் என்பதை மறந்துவிடக்கூடாது. தராசு 910 காட்டினால், உள்ளே இருப்பது 910ஐ விடச் சில கிராம் குறைவு. எண்ணெயை ஊற்றிய பிறகு உறையைக் கழுவிக் காயவைத்துத் தனியாக எடைபோட்டுக் கழியுங்கள். பெட் பாட்டிலுக்கும் மூடியோடு சேர்த்து இதையே செய்யுங்கள்.

கழித்த பிறகு 910க்குச் சில கிராம் குறைந்து 903, 905 என்று வந்தால் உடனே புகார் எழுத உட்காராதீர்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளில், 500 முதல் 1000 கிராம் வரையிலான பொட்டலத்துக்குத் தனிப் பொட்டலம் ஒன்றில் 15 கிராம் வரை குறைபாடு பிழை வரம்புக்குள் வரும். ஆனால் மொத்தமாகச் சோதிக்கும்போது சராசரி, அறிவித்த அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஒரே பாக்கெட்டை வைத்துக்கொண்டு ஏமாற்று என்று தீர்ப்பு எழுத முடியாது என்பதுதான் இதன் பொருள். வெவ்வேறு நாளில் வாங்கிய நாலைந்து பாக்கெட்டும் ஒரே மாதிரி 890 காட்டினால் அப்போது பேசலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இதே இடத்தில் இன்னொரு வித்தையும் நடந்துகொண்டிருந்தது. சூடானால் எண்ணெய் விரியும். விரிந்த எண்ணெயில் லிட்டருக்கு எடை குறையும். இதைப் பயன்படுத்திக்கொண்டு சில நிறுவனங்கள் லேபிளில் "1 லிட்டர்" என்று பெரிதாகவும், பக்கத்தில் பொடி எழுத்தில் 60 டிகிரி வெப்பநிலையில் என்றும் போட்டுவந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைச் சுட்டிக்காட்டி, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கன அளவைப் போடுங்கள், கூடவே எடையையும் போடுங்கள் என்று அறிவுறுத்தியது. அப்போது துறை கொடுத்த உதாரணம் சோயா எண்ணெய்: 21 டிகிரியில் ஒரு லிட்டர் 919.1 கிராம், 60 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 892.6 கிராம். லிட்டருக்கு 26 கிராம் வெறும் சூட்டிலேயே போய்விடுகிறது. லேபிளைத் திருத்த 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தார்கள். அடுப்பில் வைக்காத எண்ணெய்க்கு 60 டிகிரி எங்கிருந்து வந்தது என்று ஒரு சாதாரண வாடிக்கையாளர் கேட்டிருந்தால்கூடப் போதும். யாரும் பொடி எழுத்தைப் படிப்பதில்லை.

அதனால் பாக்கெட் வாங்கும்போது லிட்டரைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள். வெயிலுக்கும் மழைக்கும் மாறாதது அது ஒன்றுதான்.

"மலிவான பாக்கெட்டை எடுத்தேன், மாதம் முடியும் முன்பே தீர்ந்துவிட்டது"

முன்பெல்லாம் சமையல் எண்ணெய் இன்னின்ன அளவில்தான் பொட்டலமிட வேண்டும் என்று அட்டவணை இருந்தது. 2022 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. இன்று அதே உயரத்தில், அதே அகலத்தில் 910 கிராம், 870 கிராம், 850 கிராம், 800 கிராம் என்று பாக்கெட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அலமாரியில் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே "ஒரு லிட்டர் பாக்கெட்"தான்.

850 கிராம் என்றால் 934 மில்லி. 800 கிராம் என்றால் 879 மில்லி. ஒரு பாக்கெட் 140 ரூபாய்க்கு 910 கிராம், இன்னொன்று 132 ரூபாய்க்கு 850 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிலோவுக்கு 153.80 ரூபாய், இரண்டாவது 155.30 ரூபாய். எட்டு ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்து எடுத்தது உண்மையில் விலை கூடியது.

கட்டாய அளவு போன கையோடு இன்னொரு நல்லதும் வந்தது: அலகு விலையை அச்சிட வேண்டும் என்ற விதி. விலை அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கிராமுக்கு இவ்வளவு அல்லது மில்லிக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கிராமுக்கும் மற்றதில் மில்லிக்கும் போட்டிருந்தால், மில்லி விலையை 0.91ஆல் வகுத்தால் கிராம் விலை வரும்.

டின்னிலும் இதே கதைதான். 15 லிட்டர் டின் 2,100 ரூபாய், 15 கிலோ டின் 2,250 ரூபாய் என்றால் கை தானாக 2,100 பக்கம் போகும். லிட்டருக்கு வகுத்துப் பாருங்கள்: முதலாவது 140 ரூபாய், இரண்டாவது 136.50 ரூபாய்.

"செக்கில் வாய்வரை நிரப்பினார்கள், வீட்டுக்கு வந்தால் கேன் குறைந்திருக்கிறது"

மூடியைச் சுற்றிலும் அடியிலும் தடவிப் பாருங்கள். கசிவு இல்லை என்றால் சூடுதான் காரணம். எண்ணெய் ஒரு டிகிரி சூடு ஏறினால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிராம் எடை இழக்கும். மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய் மிதமான சூட்டில் வரும். எக்ஸ்பெல்லர் என்ற இயந்திரத்தில் பிழிந்ததோ நன்றாகவே சுடும். 50 டிகிரியில் 5 லிட்டர் கேனை நிரப்பி எடுத்துப்போனால், வீட்டில் ஆறி 30 டிகிரிக்கு வரும்போது 75 மில்லி அளவுக்கு இறங்கியிருக்கும். யாரும் குடிக்கவில்லை, கடைக்காரரும் திருடவில்லை. ஆனாலும் நீங்கள் காசு கொடுத்தது 5 லிட்டருக்கு. கையில் இருப்பது 4.925 லிட்டர்.

இதற்கு மாற்று இரண்டு. ஆட்டிய அன்றே வாங்காமல், தெளியவைத்து ஆறியதை வாங்குங்கள். நல்ல செக்குக்காரர் எப்படியும் இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துக் கசடு இறக்கித்தான் கொடுப்பார். அல்லது எடைபோட்டு வாங்குங்கள். லிட்டர் விலை சொல்கிற கடையில் "910 கிராமை ஒரு லிட்டராக வைத்து எடைபோட்டுத் தருகிறீர்களா?" என்று கேட்டால் பலர் சரி என்றுதான் சொல்வார்கள். தயங்குகிற கடையில் அளவைக் குவளையில் முத்திரை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கசடு இறங்காத எண்ணெய் இதற்கு எதிர்ப்பக்கம் ஏமாற்றும். பிண்ணாக்குத் துகளும் ஈரமும் கலந்திருப்பதால் எடை கூடுதலாகக் காட்டும். எடைபோட்டு வாங்கினால் அந்த மண்டிக்கும் சேர்த்துத்தான் விலை. எனவே எடைக்கு வாங்குகிறீர்களோ அளவைக்கு வாங்குகிறீர்களோ, தெளிந்ததாக வாங்குவதுதான் கணக்குக்கும் நல்லது.

தேங்காய் எண்ணெய் மட்டும் தனி ரகம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், உறையும்போது இன்னும் சுருங்கும். மார்கழிக் காலையில் பாட்டிலின் நடுவில் குழி விழுந்து மட்டம் இறங்கியிருப்பது அதனால்தான். உறைந்த எண்ணெயைக் கரண்டியால் அள்ளி "இரண்டு மேசைக்கரண்டி" என்று அளப்பது வீண் வேலை. கரண்டியில் குவியலும் இருக்கும், நடுவே காற்றும் இருக்கும். உருக்கி அளங்கள், அல்லது உறைந்தபடியே எடைபோடுங்கள். எடை எப்படியும் மாறியிருக்காது.

"கொப்பரை கொடுத்து ஆட்டினேன், கணக்கு நேராகவில்லை"

கொப்பரையும் எள்ளும் கடலையும் போவது கிலோவில். எண்ணெய் திரும்பி வருவது லிட்டரில். பிண்ணாக்கு மறுபடி கிலோவில். மூன்றையும் ஒரே வரிசையில் கூட்டுவதுதான் சிக்கல்.

10 கிலோ கொப்பரை கொடுத்து, 6 லிட்டர் எண்ணெயும் 3.8 கிலோ பிண்ணாக்கும் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆறும் மூன்று புள்ளி எட்டும் 9.8, கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வந்துவிட்டது என்று மனம் ஆறும். ஆனால் 6 லிட்டர் தேங்காய் எண்ணெய் 5.49 கிலோதான். உண்மைக் கூட்டல் 9.29. எழுநூறு கிராம் எங்கே போனது?

பயப்பட வேண்டாம், இதில் பெரும்பகுதிக்கு நியாயமான காரணம் உண்டு. காய்ந்த கொப்பரையிலும் ஈரம் இருக்கும். ஆட்டும் சூட்டில் அது ஆவியாகும். செக்கில் ஒட்டியது, துணியில் பிடித்தது, அடியில் கசடாக நின்றது என்று மிச்சமும் உண்டு. சரியாகக் காயாத கொப்பரை என்றால் இந்த இழப்பு இன்னும் கூடும். எள்ளில் கணக்கு வேறு மாதிரிப் போகும். கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் தெளித்து ஆட்டுவார்கள், அந்த எடை பிண்ணாக்கோடு போய்ச் சேரும். அங்கே பிண்ணாக்கு எதிர்பார்த்ததைவிடக் கனமாக வந்தால் ஆச்சரியப்படக்கூடாது.

கணக்கு நேராக வேண்டுமானால் வழி இதுதான்: வெறும் கேனை எடைபோட்டு அதன் மேலேயே எழுதிவையுங்கள். எண்ணெயோடு எடைபோடுங்கள். கழித்தால் வருவதுதான் எண்ணெய். அதைக் கொப்பரை எடையால் வகுத்தால் இந்த முறை சதவீதம் எவ்வளவு, போன முறை எவ்வளவு என்று ஒப்பிடலாம். லிட்டரை வைத்து ஒப்பிட்டால் ஒரு முறை சூடாகவும் ஒரு முறை ஆறியும் அளந்ததுதான் வித்தியாசமாகத் தெரியும். கொப்பரையின் தரம் தெரியாது.

"கிச்சன் தராசில் மில்லி பொத்தான் இருக்கிறது, ஆனால் அளவு தப்பாகக் காட்டுகிறது"

அந்தப் பொத்தானுக்கு உங்கள் எண்ணெயைத் தெரியாது. பெரும்பாலான சின்னத் தராசுகளில் "மில்லி" என்பது தண்ணீருக்கான கணக்கு: ஒரு கிராமை ஒரு மில்லி என்று பெயர் மாற்றிக் காட்டும், அவ்வளவே. சிலவற்றில் பாலுக்கு ஒரு பொத்தான் தனியாக இருக்கும். பால் தண்ணீரைவிடக் கனம் என்பதால் எண்ணெய்க்கு அது இன்னும் மோசம்.

தண்ணீர்க் கணக்கில் எண்ணெயை 500 மில்லி காட்டும்வரை ஊற்றினால் உண்மையில் 500 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். அதாவது 549 மில்லி. பொத்தானைக் கிராமுக்கு மாற்றிவிட்டு, வேண்டிய மில்லியை 0.91ஆல் பெருக்கி ஊற்றுங்கள். 500 மில்லிக்கு 455 கிராம், 250 மில்லிக்கு 228, 100 மில்லிக்கு 91.

குவளையால் அளப்பவர்கள் குவளையை மேடையில் வைத்துக் குனிந்து, கண்மட்டத்தில் பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்தால் குவளை சாயும். எண்ணெய் குவளையில் ஒட்டிக்கொள்வதும் உண்டு; கொஞ்சமாக அளக்கும்போது, அதாவது 30, 50 மில்லி என்று வரும்போது, ஒட்டியது கணிசமான பங்கு.

"குறிப்பில் சொன்னபடியே செய்தேன், கேக் வறண்டுவிட்டது; ஊறுகாயில் எண்ணெய் மிதக்கவில்லை"

குறிப்பில் 120 கிராம் எண்ணெய் என்று இருக்க, நீங்கள் 120 மில்லி குவளையால் ஊற்றியிருப்பீர்கள். அது 109 கிராம்தான். சரியான அளவு 132 மில்லி. பொரியலிலும் குழம்பிலும் இந்த 12 மில்லியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. கேக்கில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடிக்கடி தேவைப்படுபவை: 5 மில்லி டீஸ்பூன் நாலரை கிராம், 15 மில்லி மேசைக்கரண்டி 13.7 கிராம், 240 மில்லி கப் 218 கிராம். ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் அங்கே மேசைக்கரண்டி 20 மில்லி, அதாவது 18 கிராம்.

ஊறுகாய்க் குறிப்புகளில் "கால் கிலோ நல்லெண்ணெய்" என்று வருவது இன்னொரு கண்ணி. 250 கிராம் நல்லெண்ணெய் என்றால் 274 மில்லி. கால் லிட்டர் ஊற்றினால் 24 மில்லி குறையும். வழக்கமாகச் செய்கிறவர்கள் கண்ணளவில் சரிசெய்துவிடுவார்கள். முதல் முறை செய்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். மாங்காய்த் துண்டுகள் எண்ணெய்க்கு மேலே தலை நீட்டினால் இன்னும் கொஞ்சம் காய்ச்சி ஆற்றி ஊற்றுங்கள், பூஞ்சை பிடிக்கவிடாதீர்கள்.

பெட்டிக்கடையில் "நூறு நல்லெண்ணெய் குடுங்க" என்று கேட்கிறோமே, அது நூறு கிராமா நூறு மில்லியா? கடைக்காரர் எதை எடுக்கிறாரோ அதுதான். தராசில் வைத்தால் கிராம், ஆழம் குறைந்த குவளையில் மொண்டால் மில்லி. விலையைக் கேட்பதோடு அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டி காலத்து நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால் முதலில் அலகின் ஜாதியைப் பாருங்கள். வீசை, சேர், பலம் எல்லாம் எடை: ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, ஒரு பலம் 35 கிராம். படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் முகத்தல் அளவை: ஆழாக்கு என்பதைப் பொதுவாக 168 மில்லி என்று கொள்வார்கள், அதில் கடலெண்ணெய் 153 கிராம் பிடிக்கும். படி ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பதால் அந்தக் குடும்பம் எந்த ஊர் என்று தெரிந்தால்தான் நம்பலாம். யாழ்ப்பாணத்துக் குறிப்பில் "ஒரு போத்தல்" என்று இருந்தால் அது 750 மில்லி. தேங்காய் எண்ணெய் என்றால் 686 கிராம்.

"லேபிளில் ஒரு கலோரி, ஆப்பில் வேறு கலோரி"

லேபிள் நூறு கிராமுக்குச் சொல்கிறது, ஆப் நூறு மில்லிக்குக் கேட்கிறது. எந்தச் சமையல் எண்ணெயும் நூறு கிராமுக்கு 900 கிலோகலோரி. நூறு மில்லிக்கு 819. மேசைக்கரண்டிக்கு 123. முடிந்தது.

"வீட்டில் செய்த சோப்பு கையை எரிக்கிறது"

மற்ற எல்லாத் தலைப்பிலும் தப்பினால் ருசியோ காசோ கொஞ்சம் போகும். இதில் தோல் போகும். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

சோப்புக் குறிப்புகள் எல்லாமே எடையில்தான் எழுதப்படுகின்றன. தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 1000 கிராமுக்கு 183. அதில் 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவது வழக்கம். அப்படிச் செய்தால் கொஞ்சம் எண்ணெய் வினையில் சேராமல் மிச்சம் நின்று சோப்பு மென்மையாக இருக்கும், சின்ன அளவுப் பிழையையும் அது தாங்கும்.

இப்போது 1000 கிராமுக்குப் பதிலாக ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? உள்ளே போனது 915 கிராம். அதற்கு முழுமையாகத் தேவைப்படும் காஸ்டிக் சோடாவே 167 கிராம்தான். நீங்கள் 174 போட்டிருக்கிறீர்கள். பாதுகாப்புக்கு விட்ட 5 சதவீதமும் போய், அதற்கு மேலே 7 கிராம் காஸ்டிக் சோடா சோப்புக்குள் சும்மா நிற்கிறது. கை எரிவது அதனால்தான்.

அந்தக் கட்டிகளை உடம்பில் போடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கட்டிகளைத் துருவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மிதமான சூட்டில் உருக்கி, விடுபட்ட 85 கிராம் எண்ணெயைச் சேர்த்து நன்றாகக் கிண்டி மறுபடி அச்சில் ஊற்றலாம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்; காஸ்டிக் சோடா அதை அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி. எவ்வளவு எண்ணெய் போட்டோம் என்பதே நினைவில் இல்லை என்றால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள். அடுத்த முறை எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா மூன்றையுமே தராசில்தான் எடுக்க வேண்டும்.

"நான் அளந்தால் 0.91 வரவில்லை. கலப்படமா?"

முதலில் உங்கள் அளவையைச் சோதியுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் குவளைகளின் கோடுகளை நான் பெரிதாக நம்புவதில்லை. கோடு இல்லாமலே அளக்க ஒரு நல்ல வழி உண்டு.

கழுத்துக் குறுகிய கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுங்கள், அரை லிட்டருக்குக் குறையாமல். காயவைத்து எடைபோடுங்கள். கழுத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதுவரை தண்ணீர் நிரப்பி எடைபோடுங்கள். தண்ணீரைக் கொட்டி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, அதே கோடுவரை எண்ணெய் நிரப்பி எடைபோடுங்கள். இரண்டிலும் வெறும் பாட்டில் எடையைக் கழித்து, எண்ணெய் எடையைத் தண்ணீர் எடையால் வகுத்து, 0.996ஆல் பெருக்குங்கள். 30 டிகிரியில் தண்ணீரே லிட்டருக்கு 996 கிராம்தான் என்பதால் கடைசிப் பெருக்கல். தண்ணீர் 498 கிராம், எண்ணெய் 455 கிராம் என்றால் விடை 0.910.

தண்ணீரும் எண்ணெயும் ஒரே அறையில் சில மணி நேரம் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் தராசில் 100 மில்லி பாட்டிலை வைத்துச் செய்தால் ஒரு கிராம் பிழையே 1 சதவீதம் ஆகிவிடும். அரை லிட்டர் சொன்னது அதற்காகத்தான். தராசின் மேலேயே சந்தேகம் என்றால் மளிகைக் கடையில் முத்திரை வைத்த அரைக் கிலோ எடைக்கல்லை ஒருமுறை வாங்கி வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து 0.905, 0.915 என்று வந்தால் அது கலப்படத்துக்கு அடையாளம் அல்ல. கலப்படம் இல்லை என்பதற்கும் அடையாளம் அல்ல. கடலெண்ணெய் 910, பாமாயில் 905. கடலெண்ணெயில் கால்வாசி பாமாயில் கலந்தாலும் லிட்டருக்கு ஒரு கிராம் சொச்சம்தான் மாறும்; அதை எந்த வீட்டுத் தராசும் காட்டாது. எடையை வைத்துக் கலப்படம் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் யோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நல்லெண்ணெய் என்று வாங்கியது 0.93க்கு மேல் காட்டினாலோ, எந்தச் சமையல் எண்ணெயாவது 0.89க்குக் கீழே இறங்கினாலோ மட்டும் அளவையை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, எண்ணெயை மூடி வைத்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பாருங்கள்.